ரத்தமா, தீனியா

1980ஆம் ஆண்டு ‘வெட்டரினரி ரெக்கார்டு’ என்ற பிரிட்டிஷ் கால்நடை மருத்துவ இதழில் பன்றியின் சிறுநீரகத்தைப் பற்றி இரண்டு சின்னக் கட்டுரைகள் வந்தன. முதலாவதை எழுதியவர்கள் வெல்ஸ், ஹெபர்ட், ராபின்ஸ் என்ற மூவர். ஒரே ஒரு பண்ணையிலிருந்து வெட்டுக்கு வந்த பன்றிகளில் எத்தனைக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி இருந்தது, பார்க்க எப்படி இருந்தது என்பதுதான் விஷயம். இரண்டாவதை எழுதியவர்கள் விஜேரத்னவும் அதே வெல்ஸும். அந்தக் கட்டி பரம்பரையாக வருகிறதா என்று பன்றிகளை இணைசேர்த்து, பிறந்த குட்டிகளை அறுத்துப் பார்த்து, கணக்குப் போட்டு எழுதிய கட்டுரை.

பகல் முழுக்க பக் ரிப்போர்ட் படிக்கிற வேலை எனக்கு. அப்படிப்பட்டவன் ராத்திரி உட்கார்ந்து படிப்பதும் அதே மாதிரிதான் இருக்கும்போல. இந்த இரண்டு கட்டுரைகளும் நல்ல பக் ரிப்போர்ட்டுகள். பிழை எங்கே தெரிந்தது, திரும்ப வரவழைக்க முடிகிறதா, எந்த வரியில் இருக்கிறது என்ற மூன்று கேள்விக்கும் பதில் இருக்கிறது. பன்றியை ஏன் இவ்வளவு நேரம் படிக்கிறாய் என்று வீட்டில் கேட்டார்கள். திண்டுக்கல்லில் பிறந்தவன் கறியைப் பற்றிப் படிக்காமல் வேறென்ன படிப்பது?

முதலில் அந்தக் கட்டியைப் பார்த்துவிடலாம். நம்மூர்க் கறிக்கடையில் ஆட்டின் சிறுநீரகத்துக்குக் குண்டிக்காய் என்று பெயர். அவரைவிதை மாதிரி, கருஞ்சிவப்பாக, வெள்ளைக் கொழுப்புக்குள் பதுங்கி இருக்கும். பன்றியின் குண்டிக்காயும் அதே ஜாடைதான், கொஞ்சம் நீளம், கொஞ்சம் தட்டை. நீர்க்கட்டி உள்ள குண்டிக்காயில் மேல்தோலை உரித்தால் மெல்லிய சவ்வுக்குள் தெளிந்த நீர் நிற்கும் குமிழ்கள் தெரியும். சில கடுகளவு, சில திராட்சையளவு. ஒன்றிரண்டு மட்டும் இருப்பதும் உண்டு, இரண்டு பக்கமும் நிறைந்து கிடப்பதும் உண்டு. கத்தி பட்டால் நீர் பீய்ச்சும்.

பன்றிக்கு இதனால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றுமே ஆகாது. தின்னும், தூங்கும், எடை போடும். பண்ணைப் பன்றியை ஆறேழு மாதத்தில், தொண்ணூறு நூறு கிலோ வந்ததும் வெட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சிறுநீரகம் பழுதாகி நோய் தலைகாட்டும் வயதுவரை அதை யாரும் விட்டுவைப்பதில்லை. ஆக, இந்தப் பிழை பன்றியின் வாழ்நாளில் தெரியாது. அறுத்த பிறகு, அதுவும் அறுத்ததை ஒருவர் கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். பார்க்கிறவர் இறைச்சி ஆய்வாளர். கட்டியுள்ள குண்டிக்காயை மட்டும் கழித்துப் போட்டுவிட்டு உடம்பை விற்பனைக்கு விட்டுவிடலாம் என்பதுதான் பொதுவான விதி. கழித்துப் போட்டதோடு விட்டுவிடாமல், இது எந்தப் பண்ணைச் சரக்கு என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

ஒரு பண்ணையில் இத்தனை பன்றிகளுக்கு ஒரே கோளாறு என்றால் காரணம் இரண்டு வழியில் வந்திருக்கலாம். தாய் தகப்பன் வழியாக ரத்தத்தில் வந்திருக்கலாம். அல்லது அந்தப் பண்ணையின் தீனி, தண்ணீர், மண், மருந்து இவற்றில் ஏதோ ஒன்று எல்லாவற்றையும் ஒரே மாதிரி கெடுத்திருக்கலாம். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும், ஏனென்றால் ஒரு குடும்பம் ஒரே வீட்டில்தானே இருக்கிறது, ஒரே சோற்றைத்தானே தின்கிறது. பிரித்தறிய ஒரே வழி, கட்டியுள்ள பன்றியைக் கட்டியில்லாத பன்றியோடு சேர்த்துக் குட்டிகளை எண்ணுவது.

இதைப் புரிந்துகொள்ள மதுரைப் பக்கத்தில் நல்ல உதாரணம் இருக்கிறது. திருவிளையாடல் புராணத்தில் சுகலனின் பன்னிரண்டு பிள்ளைகள் சாபத்தால் பன்றிக் குட்டிகளாகப் பிறப்பார்கள். தாய்ப் பன்றி செத்துப்போக, சொக்கநாதரே தாய்ப் பன்றியாக வந்து முலை கொடுப்பார். பிறகு அந்தப் பன்னிரண்டு பேரும் பாண்டியனுக்கு மந்திரி ஆவார்கள். (எங்கள் மாவட்டத்தில் ஆடலூருக்குப் பக்கத்திலேயே பன்றிமலை என்று ஒரு ஊர் இருக்கிறது. புராணத்து மலை எது என்ற சண்டைக்குள் நான் போகவில்லை.) ஒரு ஈற்றுக்குப் பன்னிரண்டு குட்டி என்பது புராணக் கணக்கானாலும் பண்ணைக் கணக்கோடு ஒத்துப்போகிறது. அந்தத் தாயிடமோ தகப்பனிடமோ நீர்க்கட்டி மரபணுவின் ஒரு பிரதி இருந்தது, அது ஓங்கு மரபணு, ஒரு பிரதி வந்தாலே போதும் என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டில் சராசரியாக ஆறு குட்டிக்குக் கட்டி இருக்க வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் இருக்கக்கூடாது. கட்டியில்லாத இரண்டைச் சேர்த்தால் குட்டிகளுக்கும் வரக்கூடாது.

விஜேரத்னவும் வெல்ஸும் கண்டது இந்த வகைக் கணக்கைத்தான். பால் நிர்ணயத்தோடு சம்பந்தமில்லாத ஒரு குரோமோசோமில் உள்ள ஓங்கு மரபணு. கட்டி வருமா வராதா என்பதை அது முடிவு செய்கிறது, எத்தனை வரும் என்பதில் வேறு மரபணுக்களுக்கும் கை இருக்கிறது. தீனி நிரபராதி.

மனிதர்களிடத்தில் இதே வகைக் கோளாறைப் புரிந்துகொள்ள எத்தனை காலம் ஆனது என்று பார்த்தால் இந்தச் சின்னக் கட்டுரைகளின் அருமை தெரியும். போலந்து மன்னர் ஸ்டீஃபன் பாத்தரி 1586இல் திடீரென்று செத்துப்போனார். உடலைத் திறந்த அறுவை வைத்தியர், சிறுநீரகங்கள் காளையினுடையதைப் போலப் பெரிதாக, மேடுபள்ளமாக இருந்ததாகக் குறித்து வைத்தார். பல்கட்டிச் சிறுநீரக நோயின் ஆரம்பக் குறிப்புகளில் ஒன்றாக அதைத்தான் இன்று சொல்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் விர்சோ, கருவிலேயே அழற்சியால் சிறுகுழாய்கள் அடைபட்டுக் கட்டி உண்டாகிறது என்று நினைத்தார். லெஜார் 1888இல் நோய்க்குப் பெயர் வைத்தார். டேன்மார்க்கின் டால்கார்டு 284 நோயாளிகளையும் அவர்கள் குடும்பங்களையும் விரட்டி விரட்டி விசாரித்து, 1957இல் இது ஓங்கு மரபாக இறங்குகிறது என்று நிறுவினார். மரபணு 16ஆவது குரோமோசோமில் இருப்பது தெரிந்தது 1985இல், அதைக் கையில் பிடித்தது 1994இல். மனிதர்களை இணைசேர்த்துப் பார்க்க முடியாதல்லவா, அதனால் இத்தனை தாமதம். பன்றியில் அந்தச் சங்கடம் இல்லை.

2015இல் சீனாவில் கதையைத் தலைகீழாகத் திருப்பினார்கள். மனித நோய்க்குக் காரணமான அதே பிகேடி1 மரபணுவின் ஒரு பிரதியைக் குட்டிரகப் பன்றிகளில் வெட்டி எடுத்தார்கள். சிறுநீரகத்தில் கட்டிகள் வந்தன. வெய்பிரிட்ஜ் கட்டுரைகளின் பன்றிகளுக்கு இருந்ததும் அதே மரபணுதான் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஒரு பிரதி கெட்டாலே போதும் என்ற தர்க்கம் மட்டும் ஒன்று.

*

இந்த வகைப் பிழை ஊர்விட்டு ஊர் பயணம் செய்ய வேண்டுமென்றால் பன்றிக்கு ஒரு ‘குலம்’ வேண்டும். அது எப்படி வந்தது?

யார்க்‌ஷயரில் கீத்லி என்று ஒரு நெசவு ஊர். நம்ம சின்னாளப்பட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், மழையும் குளிரும் கூடுதல். அங்கே ஜோசப் டூலி என்ற நெசவாளி கொல்லையில் பன்றி வளர்த்தார். 1851இல் வின்ட்ஸரில் நடந்த ராயல் வேளாண் கண்காட்சிக்கு அவர் கொண்டுபோன வெள்ளைப் பன்றிகளைப் பார்த்து ஊர் அசந்துபோனது. பழைய உள்ளூர்ப் பன்றியோடு சீனத்திலிருந்து வந்த பன்றியின் ரத்தம் கலந்து உருவான உடம்பு. அதிலிருந்து வளர்ந்ததுதான் லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர். 1884இல் பிரிட்டனில் பன்றி வளர்ப்போர் சங்கம் அமைந்து, குலமுறைப் பதிவேடும் வந்தது. இன்ன பன்றிக்கு இன்னார் தகப்பன், இன்னார் பாட்டி என்று அச்சுப் போட்டு வைத்தார்கள். சின்ன வயதில் தாத்தாவின் தாத்தா பெயரைக் கேட்டால் எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. யார்க்‌ஷயர்ப் பன்றிக்குத் தெரியும்.

இந்தியாவுக்குள் அந்த இனம் அரசாங்கத் திட்டமாகப் பரவியது சுதந்திரத்துக்குப் பிறகு. 1960களில் ஹரிங்காட்டா, கன்னவரம், போரிவலி போன்ற இடங்களில் பேக்கன் தொழிற்சாலைகளும் பன்றி இனப்பெருக்கப் பண்ணைகளும் எழும்பின. நாட்டுப் பன்றியைச் சீமைப் பன்றியோடு கலந்து ‘தரம் உயர்த்துவது’ கொள்கை. தமிழ்நாட்டில் செங்கல்பட்டுப் பக்கம் காட்டுப்பாக்கத்தில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையம் வெண்பன்றிக் குட்டிகளை வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுத்தது. 1989இல் கால்நடைப் பல்கலைக்கழகம் தனியாக அமைந்தபோது அந்த நிலையம் அதனோடு சேர்ந்தது. திண்டுக்கல்லிலும் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் ஒன்று இருக்கிறது. வெண்பன்றி வளர்ப்புப் பயிற்சி என்று நாளிதழில் மூன்று வரிச் செய்தி வந்தால் இன்ஜினியரிங் முடித்த பையன்கள்கூடப் போய் உட்கார்கிறார்கள். என்னோடு படித்தவர்களிலேயே யோசித்தவர்கள் உண்டு.

திண்டுக்கல் சமவெளியில் ஊரைவிட்டுத் தள்ளி, தோட்டத்து நடுவில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே சிமென்ட் தரையில் இந்த வெள்ளைப் பன்றிகள் படுத்திருக்கும். தீனி பெரும்பாலும் ஓட்டல் மிச்சம், காய்கறிக் கழிவு. பிரியாணி ஊரில் ஓட்டல் மிச்சத்துக்கா பஞ்சம்? எடை வந்ததும் கேரளத்துக்கு வண்டி ஏறும். உயிரோடு ஏறிப் போய்விடுவதால் அதன் குண்டிக்காயை வளர்த்தவர் பார்ப்பதே இல்லை. அங்கே அறுத்தவர் பார்த்தாலும், ‘உங்கள் சரக்கில் பத்துக்கு ஐந்து கட்டியாக இருந்தது’ என்று போன் போட்டுச் சொல்லப் போவதில்லை. லாக் எழுதாத சர்வர் மாதிரி. பிழை நடந்துகொண்டே இருக்கும், எங்கேயும் பதிவாகாது. பயிற்சியில் எல்லாரும் சொல்வது, ஆண் பன்றியை அவ்வப்போது மாற்றுங்கள், சொந்தத்துக்குள்ளேயே சேர்க்காதீர்கள் என்று. நெருங்கிய ரத்தத்தில் சேர்ந்தால் வெளிவரும் ஒடுங்கு மரபணுக் கோளாறுகளுக்கு அது சரியான மருந்து. ஓங்கு மரபணுவுக்கு அது போதாது. புதிதாக வந்த ஆண் பன்றியிடமே அது இருந்தால், அதுவரை சுத்தமாக இருந்த பண்ணையில் பாதிக் குட்டிகளுக்கு ஒரே வருடத்தில் வந்துவிடும். அதே ஆண் பன்றியைப் பக்கத்துப் பண்ணைக்கும் இரவல் கொடுத்தால் அங்கேயும்.

*

வெல்ஸ் என்ற பெயர் பரிச்சயமாக இருக்கிறதே என்று தேடிப் பார்த்தேன். அதே ஜெரால்டு வெல்ஸ்தான். வெய்பிரிட்ஜில் இருந்த மத்தியக் கால்நடை ஆய்வகத்தின் நோய்க்கூறியல் நிபுணர். தள்ளாடி விழுந்த மாடுகளின் மூளையை மெல்லிய சீவல்களாக்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, பஞ்சு மாதிரி ஓட்டை விழுந்திருக்கிறது என்று 1987 அக்டோபரில் அதே ‘வெட்டரினரி ரெக்கார்டு’ இதழில் சகாக்களோடு எழுதியவர். உலகம் பின்னால் அதை மேட் கவ் நோய் என்று அழைத்தது.

அங்கேயும் முதல் கேள்வி அதேதான்: ரத்தமா, தீனியா? விஜேரத்னவும் அங்கே வந்து சேர்கிறார். 1990இல் ரீடிங் பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் கர்னோவோடு சேர்ந்து, இந்த நோய்க்கு ஆட்படும் தன்மை பரம்பரையாக இறங்குகிறதா என்று ஒரு கட்டுரை எழுதினார். ஆனால் நோய் பரவியதற்கான பெரிய பதிலை அதற்குள் வைல்ஸ்மித் குழுவினர் மாட்டுத் தீனியில் கண்டுபிடித்திருந்தார்கள். செத்த கால்நடைகளின் இறைச்சியையும் எலும்பையும் அரைத்து, புரதம் என்று பெயர் வைத்து, புல் தின்னும் மாட்டுக்குப் போட்டிருந்தார்கள். 1988 ஜூலையில் அந்தத் தீனிக்குத் தடை வந்தது. பன்றியில் பதில் ரத்தம், மாட்டில் பதில் தீனி. அதே ஆய்வகம், அதே ஆட்கள். முந்தைய பதிலை இங்கேயும் பொருத்திவிடாமல் கேள்வியைத் திரும்பக் கேட்டார்கள். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. எங்கள் ஆபீசில் போன வாரம் நெட்வொர்க்கில் பிரச்சினை என்றால் இந்த வாரம் லிஃப்ட் நின்றாலும் நெட்வொர்க் என்பார்கள்.

*

திண்டுக்கல்லுக்கு இன்னொரு பன்றி உண்டு. வெள்ளைப் பன்றி பேசப்படும் இடங்களில் அது பேசப்படுவதில்லை. கறுப்பு, முதுகில் சிலிர்த்த மயிர், ஒல்லி. ரயில்வே லைன் ஓரம், சாக்கடை ஓரம், தோல் ஷாப்புகளின் கழிவுநீர் ஓடிய வாய்க்கால் ஓரம் என்று ஊரின் கடைசி இடங்களில் மேய்கிற நாட்டுப் பன்றி. தமிழில் அதற்கு இருந்த மரியாதையைத் தொல்காப்பிய மரபியலில் பார்க்கலாம். யானைக்கே உரிய ‘களிறு’ என்ற சொல்லை ஆண் பன்றிக்கும் சொல்லலாம், தடையில்லை என்கிறது அது. பன்றியின் குட்டிக்குக் ‘குருளை’ என்று பெயர். கேழல், ஏனம் என்று இன்னும் பெயர்கள். இப்போது ஒரே பெயர்தான், அதுவும் வசவு. சாப்பிடுகிறவர்கள்கூட ‘மூலத்துக்கு நல்லதுன்னு சொன்னாங்க’ என்று மருந்துக் கணக்கில் எழுதிக்கொள்வார்கள்.

இந்த நாட்டுப் பன்றியை வளர்ப்பவர்கள் குறவர், காட்டுநாயக்கர் உள்ளிட்ட சில சமூகத்தார். காதில் வெட்டிய அடையாளத்தைப் பார்த்து இன்னார் பன்றி என்று சொல்வார்கள். பதிவேடு அவர்கள் தலைக்குள் இருக்கிறது.

இந்தப் பன்றியின் குண்டிக்காயை அறுத்தாலும் கட்டி தெரியலாம். ஆனால் அங்கே சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் மரபணு இல்லை, சிறுநீரகப் புழு. ஸ்டெஃபனூரஸ் என்று பெயர். முட்டை பன்றியின் மூத்திரத்தில் வெளியேறும். ஈர மண்ணில் குஞ்சு பொரித்து, வாய் வழியாகவோ தோல் வழியாகவோ அடுத்த பன்றிக்குள் போகும். ஈரலைத் துளைத்து, குண்டிக்காயைச் சுற்றியுள்ள கொழுப்பில் வந்து கூடு கட்டும். மண்புழுவுக்குள்ளும் அதன் குஞ்சுகள் காத்திருக்கும், மண்ணைக் கிளறும் பன்றிக்கு மண்புழு பலகாரம். முட்டையிடும் அளவு முதிர ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால், அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு தந்திரம் செய்தார்கள்: முதல் ஈற்றுக் குட்டிகள் பால் மறந்ததும் தாயை விற்றுவிடுவது. முட்டை வெளியே வருவதற்குள் புழுவும் தாயோடு போய்விடும். சிமென்ட் தரையில் வளரும் வெண்பன்றிக்கு இந்தத் தொல்லை குறைவு. அதாவது ஒரே உறுப்பில் ஒரே மாதிரித் தெரியும் கட்டிக்கு, பண்ணையில் ஒரு காரணம், தெருவில் வேறொரு காரணம்.

நாட்டுப் பன்றி என்றதும் ஊர் பயப்படும் கட்டி இதுவும் இல்லை, மூன்றாவது ஒன்று. அது குண்டிக்காயைவிடத் தசையில்தான் அதிகம், ஜவ்வரிசி மாதிரி. நாக்கின் அடியிலும் தட்டுப்படும். பன்றியின் நாக்கைப் பிடித்துப் பார்ப்பதைப் பற்றி அரிஸ்டோஃபனீஸ் கி.மு. 424இல் நாடகத்திலேயே கிண்டல் செய்திருக்கிறார். அது என்னவென்று தெரிய இன்னும் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஆனது. 1855இல் ஜெர்மன் மருத்துவர் குஷென்மைஸ்டர், மரண தண்டனைக் கைதி ஒருவருக்குத் தெரியாமல் பன்றித் தசைக் கட்டிகளை உணவில் கலந்து கொடுத்தார். தண்டனை முடிந்ததும் குடலைத் திறந்து பார்த்தார். இளம் நாடாப்புழுக்கள் இருந்தன. அறிவியல் வரலாற்றில் நிரூபணம் எல்லாம் சுத்தமான கையோடு வந்ததில்லை.

ஆக வட்டம் இப்படி: நாடாப்புழு இருப்பது மனிதக் குடலில். முட்டை வருவது மனித மலத்தில். திறந்த வெளியில் கிடக்கும் மலத்தைப் பன்றி தின்கிறது, தசையில் கட்டி வருகிறது. வேகாத பன்றிக்கறி தின்ற மனிதனுக்குக் குடலில் புழு வருகிறது, அவ்வளவுதான். மூளையில் கட்டி வருவது வேறு வழியில். புழு உள்ள மனிதனின் மலத்திலிருந்து முட்டை, கை வழியாகவோ தண்ணீர், காய்கறி வழியாகவோ இன்னொரு மனிதன் வாய்க்குள் போனால்தான் அது. இந்தக் கடைசிப் படியில் பன்றியே கிடையாது. அதனால்தான் வாழ்நாளில் முட்டைகூடத் தொடாதவருக்கும் வருகிறது. நியூயார்க்கில் பன்றியை ஏறெடுத்தும் பார்க்காத ஆர்த்தடாக்ஸ் யூதக் குடும்பங்களில் வந்ததை 1992இல் ஒரு ஆய்வு பதிவு செய்தது. அங்கே விசாரணை போய் நின்றது சமையல்கட்டில், பணியாளர்கள் வழியாக வந்த நாடாப்புழுவில்.

தமிழ்நாட்டில் இதைத் துலக்கியவர்கள் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்காரர்கள். 1980களில் சிடி ஸ்கேன் வந்தபோது, வலிப்போடு வந்த பலரின் மூளையில் ஒற்றைச் சிறு புள்ளி ஒளிர்ந்தது. காசநோய்க் கட்டி என்று நினைத்து மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுப்பது அன்றைய வழக்கம். சாண்டி, ராஜசேகர் ஆகிய நரம்பியல் அறுவை மருத்துவர்களும் சகாக்களும் சில புள்ளிகளை எடுத்து அறுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் நாடாப்புழுவின் கட்டி. பிறகு வேலூர் மாவட்டத்தில் 50,000 பேருக்கு மேல் வீடு வீடாகக் கணக்கெடுத்து 2006இல் வெளியிட்டார்கள். ஆயிரத்துக்கு நாலு பேருக்குச் சற்றுக் குறைவாக வலிப்பு இருந்தது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்தக் கட்டிதான் காரணம்.

எங்கள் ஊரில் ரோட்டில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் சுற்றி நிற்பவர்கள் முதலில் செய்வது கையில் இரும்பைத் திணிப்பது. பூட்டு ஊரில் சாவிக்கொத்துக்கு என்ன குறை, நாலு பேர் நீட்டுவார்கள். வலிப்பு தானாக நின்றதும் சாவி வேலை செய்துவிட்டது என்பார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பேச்சு எங்கேயாவது பன்றியில் வந்து நிற்கும், ‘அந்தப் பன்னி மேய்க்கிறவனுங்கள மொதல்ல ஊரவிட்டுத் தொரத்தணும்’ என்று. கக்கூஸ் இல்லாத தெருவைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். பன்றி தன் மலத்திலிருந்து அந்தக் கட்டியை வாங்கவில்லை, நம் மலத்திலிருந்து வாங்கியது. கறியில் இருப்பதும் தீனியின் கதைதான். ஊர் அதை ரத்தத்தின் கதையாகச் சொல்கிறது. அந்தப் பன்றியின் ரத்தமாக முதலில், அப்புறம் அதை வளர்ப்பவரின் ரத்தமாக.

ரத்தத்தின் மேல் பழி போடுவது இங்கே சட்டமாகவே இருந்தது. 1871இல் வந்த அந்தச் சட்டத்துக்குத் தமிழில் நிலைத்த பெயரிலேயே பரம்பரை இருக்கிறது: குற்றப்பரம்பரைச் சட்டம். நெசவாளி பிள்ளை நெசவு செய்வதுபோலத் திருடன் பிள்ளை திருடுவான் என்பது அதன் பின்னால் இருந்த வாதம். (கீத்லி நெசவாளி டூலி அதற்கு இருபது வருடம் முன்பே தறியோடு நிற்காமல் உலகம் முழுக்கப் பரவப்போகும் பன்றியை உருவாக்கியிருந்தார் என்பதை அந்த அதிகாரிகளுக்கு யாரும் சொல்லவில்லை.) 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் குறவர் சமூகப் பிரிவுகள் பல அதற்குள் கொண்டுவரப்பட்டன. கைரேகை வைக்க வேண்டும், ராத்திரி ஸ்டேஷனில் ஆஜராக வேண்டும், ஊர் தாண்டச் சீட்டு வாங்க வேண்டும். அன்று திண்டுக்கல்லும் மதுரை மாவட்டம்தான், 1985இல்தான் பிரிந்தது. அதே மாவட்டத்தில் பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்களை 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டுக் கொன்றது. சட்டம் மாகாணத்தில் 1947இல் போனது, நாடு முழுக்க 1952இல்.

வெய்பிரிட்ஜில் பன்றிகளுக்குச் செய்ததை யாரும் இந்த மக்களுக்குச் செய்யவில்லை. செய்யவும் முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் அவர்கள் பன்றிக்குக் கொடுத்த சந்தேகத்தின் பலனை, அதாவது தீனியாகவும் இருக்கலாமே, இடமாகவும் இருக்கலாமே என்ற அந்த ஒரு நிமிட யோசனையை, எழுபது எண்பது வருடம் எந்த அதிகாரியும் கொடுத்ததாகத் தெரியவில்லை. பூர்வீக நிலம் போனவன், உப்பு வியாபாரம் ரயிலால் கெட்டுப்போனவன், ஊருக்குள் வீடு கிடைக்காதவன் என்பதெல்லாம் பதிவேட்டில் ஏறவில்லை. சாதி ஏறியது.

*

திண்டுக்கல் 2014இல் மாநகராட்சி ஆனது. பெரிய ஊரானால் பன்றி பிடிப்பதும் பெரிய அளவில் நடக்க வேண்டும், தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் இதே கதைதான். முதலில் ஆட்டோவில் மைக் கட்டி எச்சரிக்கை, பிறகு வெளியூரிலிருந்து வலைக்காரர்கள், பிறகு லாரி. பெண்கள் லாரிக்கு முன்னால் உட்கார்ந்து அழுவார்கள். ஒரு தாய்ப் பன்றி போனால் ஒரு பிள்ளையின் காலேஜ் ஃபீஸ் போகிறது. நாளிதழில் ‘பன்றிகள் பிடிபட்டன, பொதுமக்கள் நிம்மதி’ என்று வரும். பிடித்ததில் எத்தனைக்கு நாக்கில் கட்டி இருந்தது, எத்தனைக்குக் குண்டிக்காயில் புழு இருந்தது என்ற வரி அந்தச் செய்தியில் நான் படித்ததே இல்லை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பிடித்து வைத்திருக்கும்போது பார்ப்பதற்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா?

2019 கணக்கெடுப்பில் இந்தியப் பன்றிகள் 90 லட்சம் சொச்சம், அதற்கு முந்தைய கணக்கைவிட 12 சதவீதம் குறைவு. குறைந்ததில் நாட்டுப் பன்றிதான் அதிகம். இன்னொரு பக்கம், 2024 மார்ச்சில் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 69 இடங்களில் மரபணு திருத்திய ஒரு பன்றியின் சிறுநீரகத்தை ரிச்சர்டு ஸ்லேமன் என்பவருக்கு வைத்தார்கள். இரண்டு மாதத்தில் அவர் இறந்தாலும், அந்தச் சிறுநீரகம் காரணமில்லை என்று மருத்துவமனை சொன்னது. அப்படிப்பட்ட பன்றியின் பிறப்பு, தீனி, தண்ணீர், அது சுவாசிக்கும் காற்றுவரை எல்லாவற்றுக்கும் பதிவு உண்டு.

நம்மூரில் ஆட்டுத் தொட்டியில் அறுத்த ஆட்டின் தொடையில் ஊதா மையில் சீல் குத்துவார்கள். கறி வாங்கும்போது அப்பா அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் காசு எடுப்பார். பன்றிக்கறி ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்கு வெளியே, புளியமரத்தடியில் சாக்கு விரித்து வைத்திருப்பார்கள். வாரும் கறியும் கலந்து எடை போடுவார்கள். குண்டிக்காய் வேண்டும் என்று தனியாகக் கேட்டால் சும்மாவே போட்டுக் கொடுக்கிறார்கள். வாங்கிப் பிளந்து பார்த்தேன். சுத்தமாக இருந்தது.